திருட்டுப் போனது மட்டும் மிச்சம்

என் எழுத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பெருமை. ஐம்பதை நெருங்குகிற ஆள் இதை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் அன்றைக்கு ஆபீஸ் கேண்டீன் வாசலில் பக்கத்து மேஜை நண்பர் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டியபோது, 'பரவாயில்லையே, திருடுகிற தரத்துக்கு எழுதியிருக்கிறோமே' என்றுதான் மனசு துள்ளியது. கோபம் வர ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. பயம் வந்தது அதற்கும் பிறகு.

இது நடந்தது போன வருடம், பலாப்பழ சீசன் தொடங்குகிற சமயம், நெய்வேலி நகரியத்தில். நான் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவன், ஆபீஸில் நாற்காலி வேலை. பல வருடங்களாக முகநூலில் ஒரு புனைபெயரில் பக்கம் வைத்து நகைச்சுவையாக எதையாவது எழுதிக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸ் குழாய், கேண்டீன் வடை, ஏசி ரிமோட்டுக்கு உறை தைத்துப் போட்டிருக்கும் அதிகாரி, இப்படி. புனைபெயர் ஏன் என்றால், இது எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர். வடையைப் பற்றி ஒரு வரி எழுதினால், வடை சுடுகிறவரின் மச்சான் நம் எதிர்வீட்டில் இருப்பார். என் ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மனைவி. இன்னொருவர் பக்கத்து மேஜை நண்பர்.

அந்த நண்பர் அடிக்கடி சொல்வார்: "யோவ், ஒரு ப்ளாக் ஆரம்பிச்சு இதையெல்லாம் அதுல போட்டு வைய்யா. ஃபேஸ்புக்ல நேத்து எழுதினதையே இன்னிக்குத் தேடிக் கண்டுபிடிக்க முடியல."

"ப்ளாக்கெல்லாம் செத்துப் பால் ஊத்தியாச்சுய்யா. இப்ப அதை எவன் படிக்கிறான்?" என்பேன் நான். எழுதுவது சுடச்சுடப் போய், சுடச்சுட லைக் வாங்க வேண்டும் என்பது என் கொள்கை. போனிலேயே தட்டுவேன், போட்டுவிடுவேன். வேறு எங்கும் நகல் எடுத்து வைத்தது கிடையாது.

அன்றைக்குக் கேண்டீன் வாசலில் நண்பரின் போனில் தெரிந்தது ஒரு வலைப்பூ. அதில் என் கட்டுரைகள். ஒரு எழுத்து மாறாமல் என் வாக்கியங்கள். எழுதியவர் என்ற இடத்தில் 'நெய்வேலிக்காரர் ஒருவர்' என்று மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தேன். என் கட்டுரைகளை யாரோ தலைப்பு வாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். 'அதிகாரிகள்' என்று ஒரு தலைப்பு. 'கேண்டீன்' என்று ஒன்று. 'பக்கத்து வீடுகள்' என்று ஒன்று. 'டூட்டி நேரத்தில்' என்று ஒன்று. இந்தக் கடைசித் தலைப்பைப் படித்ததும் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தேன். திருடுகிறவன் தன் பெயரைப் போட்டுக்கொள்வான், விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பான். இவ்வளவு சுத்தமாகப் பிரித்து அடுக்குகிறவன் திருடன் இல்லை. மேலிடத்துக்குக் காட்ட ஃபைல் போடுகிறவன்.

அதற்குப் பிறகு நான் பார்த்த முகமெல்லாம் சந்தேக முகம்தான். முதல் சந்தேகம் நண்பர் மேல். ப்ளாக் ப்ளாக் என்று ஜபித்தவர் அவர்தானே? தெரியாதவர் மாதிரி கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டியவரும் அவர்தானே? மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தேன். "உன் எழுத்தை ஒரு தடவை படிக்கறதே எனக்குப் பெரிய விஷயம். இதுல காப்பி வேற எடுப்பனா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அடுத்தது எதிர்வீட்டுக்காரர். காலையில் பேப்பரை மடித்துக்கொண்டே, "என்ன சார், ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டார். பத்து வருடமாகத் தினமும் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு அதில் உள்குத்து இருப்பதாகப் பட்டது. ரிமோட்டுக்கு உறை போட்ட அதிகாரி மாடிப்படியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார்? அன்றைக்கு முழுக்க ஒரு பைசா வேலை ஓடவில்லை.

கடைசியில் மனைவியையே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நீங்க எழுதறதை நீங்க படிச்சுக் காட்டினா கேக்கறேன். அதுவே அடுப்புல கொழம்பு இருந்தா எழுந்து போயிடறேன். எனக்கு வேற வேலை இல்லையா?"

குற்றவாளி கிடைக்கவில்லை. ஆகவே ஆதாரத்தை அழிப்பது என்று முடிவெடுத்தேன். நான் படித்திருக்கிற துப்பறியும் கதைகளின் மொத்தப் பலனும் இதுதான். முகநூலில் என் பக்கத்தை நீக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினேன். மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் ஓர் அவகாசம் கொடுத்தார்கள். 'என்னைப் பற்றி உனக்கென்ன தெரியும்?' என்று அந்த அவகாசத்தையும் வீம்பாகக் கடத்தினேன். பக்கம் ஒரேயடியாகப் போனது. இனி எவன் என்ன கேட்டாலும், "அப்படி ஒரு பக்கமே கிடையாதே சார்" என்று சொல்லிவிடலாம்.

வலைப்பூ மட்டும் உட்கார்ந்திருந்தது. அதையும் ஒழித்துவிட வேண்டும் என்று, பெயர் போடாமல் ஒரு மிரட்டலைப் பின்னூட்டமாக எழுதினேன்: 'இவை அனைத்தும் உரிமையாளரின் அனுமதியின்றி எடுக்கப்பட்டவை. உடனடியாக நீக்காவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' செயப்பாட்டு வினையில் மிரட்டினால் வக்கீல் எழுதியது போல இருக்கும் என்பது என் நம்பிக்கை.

சாப்பிடும்போது இந்த வீரத்தை மனைவியிடம் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார்.

"அப்ப ஃபேஸ்புக்ல எதுவும் இல்லையா?"

"இல்ல."

"உங்ககிட்ட காப்பி இருக்கா?"

"இல்ல."

"அந்தாளையும் அழிக்கச் சொல்லிட்டீங்களா?"

ரசம் சோறு அப்படியே இருந்தது. இத்தனை வருடம் நான் எழுதியது எல்லாம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தை உடனே அழித்துவிடு என்று நானே கட்டளை போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். கை கழுவாமல் இடது கையால் போனைத் திறந்தேன்.

வலைப்பூ இருந்தது. என் மிரட்டலுக்குக் கீழே ஒரு பதிலும் இருந்தது.

'யாருங்க நீங்க? அந்த சார் எழுதிகினு இருந்த பக்கத்தையே காணோம். நீங்கதான் கம்ப்ளைண்ட் குடுத்துத் தூக்க வச்சீங்களா? இப்ப அவரு எழுதினது இங்க மட்டும்தான் இருக்கு. அவரே வந்து சொன்னா எடுக்கறேன். பேரு கூடப் போடாதவங்க சொன்னா எடுக்க மாட்டேன்.'

இவ்வளவு நாள் ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என்னை ஒருவர் சந்தேகப்படுகிறார், அதுவும் என் எழுத்தை நானே கொன்றதாக. உண்மை என்பதால் மறுக்கவும் முடியவில்லை. 'நான்தான் அவர்' என்று எழுதினேன். 'அப்படித்தான் சொல்வீங்க' என்று பதில் வந்தது. பிறகு ஒரு கேள்வி: 'குவார்ட்டர்ஸ் தோட்டத்துல பாம்பு வந்த கதை இருக்குல்ல, அதுல பாம்பு புடிக்க வந்தவரு எதுல வந்தாரு?'

யோசித்தேன். எழுதி வருடங்கள் ஆகிவிட்டன; வலைப்பூவிலேயே போய்ப் பார்த்துச் சொல்லலாம் என்பது அவசரத்தில் தோன்றவில்லை. 'சைக்கிள்' என்று போட்டேன்.

'அந்தக் கதையில பாம்பே கிடையாது. தண்ணி ஊத்தற ரப்பர் டியூப்பு. பாம்பு புடிக்கறவரும் வரல. நீங்க அவரு இல்ல.'

கெஞ்சிக் கூத்தாடி, நேரில் பார்க்கலாம் என்று சம்மதம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முந்திரிப் பருப்பு கொடுக்க நகரியத்துக்கு வருவதாகவும், மெயின் பஜார் டீக்கடையில் நிற்பதாகவும் பதில் வந்தது. இது பொறியோ என்று அப்போதும் ஒரு சந்தேகம். முகக்கவசமும் தொப்பியும் போட்டுக்கொண்டேன். துணைக்கு நண்பரைக் கூட்டிக்கொண்டேன். "சண்டைன்னா நான் ஓடிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்ற நிபந்தனையோடு வந்தார்.

பைக்கில் வந்து இறங்கியது முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர். கூடவே, பாதுகாப்புக்கு அவர் கணவர். காடாம்புலியூர்க்காரர்கள். அந்தப் பெண் முந்திரிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொப்பியும் கவசமுமாக நான் அந்த வெயிலில் வங்கிக் கொள்ளைக்கு வந்தவன் மாதிரி இருந்திருப்பேன்.

"மூஞ்சியக் காட்டுங்க சார்."

காட்டினேன். நம்பிக்கை கூடினதாகத் தெரியவில்லை. வேறு எதையாவது சொல்லி நிரூபிக்கலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் நண்பர் தன் பாட்டுக்கு டீ வாங்கி, காராபூந்திப் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே டீயில் கொட்டினார். விரலை விட்டு அள்ளி வாயில் போட்டார். அந்தப் பெண்ணின் கண் அகலமானது.

"ஏங்க, இங்க பாருங்க. டீயில பூந்தி கொட்டித் திங்கறவரு!" என்று கணவரின் தோளைத் தட்டினார். "அண்ணா, நீங்கதானா அது? நெசமாவே இருக்கீங்களா? நாங்க கப்சான்னு நெனச்சிகினு இருந்தோம்!"

என் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த நண்பர் வருவார், பெயர் இல்லாமல். ஆக, என்னை நானே நிரூபிக்க முடியாத இடத்தில், நான் எழுதிய ஆள் வந்து நின்று எனக்குச் சாட்சி சொன்னார். அதுவும் வாயில் பூந்தியோடு.

அதற்குப் பிறகு சந்தேகம் போய்த் திட்டு ஆரம்பித்தது. "நீங்களே அழிச்சிட்டீங்களா? ஏன் சார்?"

நண்பர்தான் சொன்னார்: "சார் மேல யாரோ ஃபைல் போடறாங்கன்னு பயந்துட்டாரும்மா."

"உங்க மேலயா? உங்க மேல யாரு சார் ஃபைல் போடப் போறாங்க?" அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

விஷயம் இவ்வளவுதான். அவர் பலாக்கொட்டை, முந்திரி வைத்துச் சமையல் வீடியோ போடுகிறவர். வீடியோவை ஏகப்பட்ட பேர் பார்க்கிறார்கள். ஆனால் போன மாதம் வீடியோவில் சொன்ன பொருள்களின் அளவையே இந்த மாதமும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "வீடியோ பாக்க வர்றவங்க வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிடறாங்க சார். ப்ளாக்குன்னா உள்ள வந்து உக்காந்து, பழைய சமையலு நாலு பாத்துட்டுப் போவாங்க. ரெண்டும் வேணும்." ஆகவே ஒரு வலைப்பூ தொடங்க நினைத்திருக்கிறார். எப்படித் தொடங்குவது, தலைப்பு பிரிப்பது எப்படி என்று பழக வேண்டும். தன் சமையல் குறிப்புகளைப் போட்டே பழகி, ஏதாவது தப்பாகி அழிந்துபோனால் எழுதியது வீண்.

"அதான் சார், பழகறதுக்கு எதாச்சும் எழுத்து வேணுமேன்னு பாத்தேன். உங்களோடது சும்மா கெடந்துச்சு."

கையில் மருதாணி போடும் முன் வரைந்து பழக வெள்ளைத் தாள் தேடுவார்களே, அந்தத் தாள் நான். குழம்பு, பொரியல் என்று பிரிப்பதற்கான ஒத்திகைதான் 'அதிகாரிகள்', 'டூட்டி நேரத்தில்'. பழகி முடித்ததும் அழித்துவிடத்தான் நினைத்தாராம். அதற்குள் அவர்கள் வீட்டில் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கம் திடீரென்று காணாமல் போனதும், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அழிக்காமல் காவல் காத்திருக்கிறார். கேட்காமல் எடுத்தது தப்புதான் என்று ஒரு பொட்டலம் முந்திரியும் கொடுத்தார்.

"குவார்ட்டர்ஸ்ல மரம் வெச்சிட்டு ரிடையர் ஆனா, பழத்த யாரு சார் திம்பாங்க? ஃபேஸ்புக்கும் அப்படித்தான்" என்றார், என் போனை வாங்கி அந்த வலைப்பூவை என் கணக்குக்கு மாற்றிக்கொண்டே. இருபது வருடமாகக் குவார்ட்டர்ஸில் இருக்கிற எனக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது.

இப்போது முதலில் வலைப்பூவில் எழுதுகிறேன். பிறகு முகநூலில் புதிதாகத் தொடங்கிய பக்கத்தில் நாலு வரி போட்டு, மீதி அங்கே இருக்கிறது வாருங்கள் என்று கூப்பிடுகிறேன். வருகிறவர்கள் குறைவுதான், வந்தவர்கள் பழையதையும் படித்துவிட்டுப் போகிறார்கள். முன்பைவிட நிதானமாக எழுதுகிறேன் என்று நண்பர் சொல்கிறார். ஆனால் எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம் வேறு. என் எழுத்துக்காக ஒருவர் உட்கார்ந்து இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்று தெரிந்ததும், அது விரோதமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே தவிர, பிடித்துப்போயும் ஒருவர் மெனக்கெடலாம் என்பது ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன், வலைப்பூவில் இருப்பது நான் எழுதியதில் கால்வாசிகூட இல்லை. ஒருவேளை வேறு எங்காவது எடுத்து வைத்திருப்பார் என்ற ஆசையில் போன் செய்து, "மீதியெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அது வந்து சார்..." என்று இழுத்தார். பக்கத்திலிருந்து கணவரின் குரல் கேட்டது.

"இன்னா கேக்கறாரு?"

"மீதி எங்கன்றாரு."

"பலாப்பழத்த முழுசாவா திங்கறோம்? சுளைய எடுத்துகினு மீதிய மாட்டுக்குத்தான போடறோம், சொல்லு."