செத்த காலேஜில் ஒரு கால் எலும்பு

என் தாய்மாமா மதராஸிலிருந்து வந்தவர். அந்த ஊரில் அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். வெள்ளைக்காரர் காலத்துக் கோலாலம்பூருக்கு வந்து ரயில்வேயில் சேர்ந்த பிறகும் அவர் அந்தப் பெயர்களை விடவில்லை. பெயரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்.

அம்மா மலேரியாவில் போனபோது எனக்கு ஆறு வயது. காரியமெல்லாம் முடியும்வரை என்னைச் செந்தூலில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மாவின் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது. "அம்மா செத்துப் போச்சும்மா" என்றார் அப்பா. செத்து எங்கே போனாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, "வா பாப்பா, செத்த காலேஜுக்குப் போவோம்" என்றதும் துள்ளிக் குதித்தேன். அம்மாவுக்குப் பிடித்த நீலப் பாவாடையைத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டேன். பிள்ளை தேறிவிட்டது என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

அங்கே கண்ணாடிப் பெட்டியில் ஒரு கால் எலும்பு நின்றது. ஏறக்குறைய என் உயரம். மாமா பலகையைப் படித்துச் சொன்னார்:

"இது மோவாப் பறவை பாப்பா. நியூசிலாந்துல இருந்துச்சு. யானை உசரம், ஆனா இறக்கையே கிடையாது. மனுஷன் அடிச்சுத் தின்னே தீர்த்துட்டான். இனி உலகம் பூரா தேடினாலும் ஒண்ணு கிடைக்காது."

எனக்கு அந்தப் பறவை மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நிற்க நேரமில்லை. புலி இருந்த அறை, முதலை இருந்த அறை, புட்டியில் பாம்பு மிதந்த அறை என்று மாமாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். கடைசியில் வாசலுக்கே வந்துவிட்டோம்.

"வேற ரூம் இல்லையா மாமா?"

"அவ்வளவுதான் லா. செத்ததையெல்லாம் பார்த்தாச்சு."

வீடு வரைக்கும் என் கால் தரையில் பாவவில்லை. அம்மா போனதிலிருந்து அப்பாதான் சமையல்; அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! அம்மா சாகல! செத்த காலேஜ் பூரா தேடிட்டேன், அங்க இல்ல!"

மாமா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா பானையை நிமிர்த்த மறந்து நின்றார். கஞ்சியோடு சோறும் சரிந்து தரையில் கொட்டியது.

இவ்வளவு நல்ல சேதி கொண்டு வந்திருக்கிறேன், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது. விறுவிறுவென்று உள்ளே போய் மூலையில் இருந்த அம்மாவின் பாயை எடுத்து விரித்துப் போட்டேன். வந்தால் அவள் படுக்க வேண்டாமா?