நடுக்கத்தில் வந்த வாக்கு

அண்ணனுக்கு இதயத்தில் அடைப்பு, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் அலையாய் அலைந்து அண்ணி ஒரு தேதியும் வாங்கிவிட்டாள். அண்ணன் மட்டும் அசையவில்லை. "சாமி வரட்டும். கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றான். மத்திய அரசில் அதிகாரி. ஊரார் கோப்புகளில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவனுக்குத் தன் நெஞ்சைத் திறக்க மட்டும் மேலிடத்து உத்தரவு வேண்டியிருந்தது.

சாமி என்பது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய மடத்தில் இருந்த துறவி. வயதானவர். குளிர்காலத்தில் தில்லிக்கு வந்தால் சரோஜினி நகரில் அண்ணனின் குவார்ட்டர்ஸில்தான் தங்குவார். பகலில் ஒரு வேளைதான் உண்பார், அது அவர் விரதம். சாயங்காலப் பூஜை முடிகிற நேரத்தில் சில நாள் அவருக்கு உடம்பு நடுங்கும், வேர்க்கும், பார்வை எங்கோ நிலைக்கும். அப்போது கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார். அதுதான் வாக்கு. அதைக் கேட்க எங்கிருந்தெல்லாமோ ஆட்டோ பிடித்து வருவார்கள்.

நானும் தில்லியில்தான், முனிர்காவில் இருந்தேன். அங்கிருந்து அண்ணிக்கு ஒத்தாசையாகச் சமையலுக்குப் போவேன். அந்த வருஷம்தான் சாமியின் தலைமாட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விழுங்கும் அதே சர்க்கரை வியாதி மாத்திரை. மாத்திரை இரண்டு வேளை, சோறு ஒரு வேளை. வெறும் வயிற்றில் அது ஆகாது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே நடுக்கம் வந்தது. அத்தனை குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை. அண்ணன் காலடியில் உட்கார்ந்து, "ஆபரேஷன் பண்ணிக்கிடட்டுமா சாமி?" என்று கேட்டான்.

"வேண்டாம்."

எல்லார் காதிலும் தெளிவாக விழுந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும், பாலில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கரைத்து உள்ளறைக்குக் கொண்டுபோய்ச் சாமி வாயில் வைத்தேன். மடமடவென்று குடித்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா குடுத்தே?"

"பாலு சாமி. உங்களுக்குச் சர்க்கரை இறங்கிட்டு. எங்க வீட்லயும் இப்படித்தான் நடுங்குவாக."

காலித் தம்ளரையே பார்த்தார். பிறகு கேட்டார். "எனக்கு எப்பவும் வருதே, அதுவுமா?"

 ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அண்ணனுக்கு அவர் 'வேண்டாம்' என்று வாக்குச் சொன்னதையும் சொன்னேன்.

"நானா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையேம்மா." கண் நிறைந்துவிட்டது. அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். பாவம், அவரும் நம்பித்தான் இருந்திருக்கிறார்.

அப்போதே எழுந்து சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தார். "தம்பி, நான் சொன்னது தப்பு. மாத்திரையில வந்த மயக்கம் அது. டாக்டர் சொல்லுததைக் கேளு. ஆபரேஷன் பண்ணிக்கோ."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அண்ணனோ கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி என் மேல உள்ள பிரியத்துல சொல்லுதீங்க. அந்த நேரத்துல பேசினது நீங்க இல்லையே."

"நான்தாம்ப்பா பேசினேன்."

"அச்சா, அச்சா. நீங்க படுங்க சாமி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். "அவரே சொல்லுதாருல்லா!" அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் மத்தியானம் சாமி இலையைத் தள்ளிவைத்தார். பரிமாறப் போன என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "மாத்திரை போட்டுட்டேன், சோறு வேண்டாம். நடுங்கினாத்தானே அவன் கேப்பான்? பண்ணிக்கோன்னு சொல்லிருதேன்."

"நடுங்கும்போது என்ன சொல்லுதோம்னு உங்களுக்கே தெரியாதே சாமி!"

"மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கேன். மறக்க மாட்டேன்."

பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். ஒரு பருக்கை தொடவில்லை.

பூஜை தொடங்குவதற்கு முன்னமே நடுக்கம் வந்துவிட்டது. அண்ணன் ஓடிவந்து அதே கேள்வியைக் கேட்டான். நான் பால் தம்ளரோடு கதவோரம் நின்றேன். கொடுத்தால் வாக்கு போய்விடும், கொடுக்காவிட்டால் அவரே போய்விடலாம். அவர் வாய் திறந்தது, மூடியது. தொலைத்த எதையோ தேடுவதுபோலக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பசிக்குது" என்றார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் புகட்டினேன். பின்னால் அண்ணன் விம்மி விம்மி அழுதான். "பசிச்சவங்களுக்குச் சோறு போடச் சொல்லுதாங்க. அன்னதானம்தான் எனக்கு வைத்தியம்."

நினைவு வந்ததும் சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிட்டேனாம்மா?"

இல்லை என்றால் மறுநாளும் பட்டினி கிடப்பார். "சொல்லிட்டீங்க சாமி" என்றேன்.

ஆபரேஷனுக்குக் குறித்த நாளன்று அண்ணன் அதே ஆஸ்பத்திரி வாசலில் புளிசாதப் பொட்டலம் கொடுத்தான். பொட்டலம் கட்டியது நானும் அண்ணியும்தான். வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வந்து நடைபாதையில் படுத்துக் கிடந்த ஜனங்கள் வாங்கிக்கொண்டார்கள். கூடை காலியானதும் அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டு, மூச்சு வாங்க, "சலோ, வீட்டுக்குப் போவோம்" என்றான். எதிரே ஆஸ்பத்திரிக் கதவு திறந்தேதான் இருந்தது.