ரோஸ்லின் பேசிய இத்தாலியம்: சின்னக்கானலுக்கு ஒரு பயணம்

போன ஜனவரியில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சின்னக்கானலுக்கு ஒரே நாளில் போய்வந்தேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று வழி விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் நான் போனது ஊர் பார்க்க அல்ல.

வீட்டிலிருந்தபடியே போனில் இத்தாலிய மொழி கற்றுக்கொடுப்பது என் தொழில். கோயம்புத்தூரில் நூற்பாலை இயந்திரம் விற்கும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். இயந்திரம் பூட்ட வந்த இத்தாலியர்களோடு பேசிப் பழகிக் கற்ற மொழி அது. இப்போது என்னிடம் படிப்பவர்கள் பெரும்பாலும் இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிற பெண்கள். ரோஸ்லினும் அப்படித்தான் வந்தார். சின்னக்கானல் எஸ்டேட் தொழிலாளி. கணவர் அந்தோணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

தமிழிலிருந்து நேராக இத்தாலியம் படிக்கப் புத்தகம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஆங்கிலப் பெயரடைகளை வைத்துத்தான் தொடங்குவேன். டயர்டு என்றால் ஸ்தாங்கோ, பெண் சொன்னால் ஸ்தாங்கா. ஹெவி என்றால் பெசாந்தே. நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் இந்தச் சொற்கள்தானே சொல்லும்? ரோஸ்லின் தேயிலைக் காட்டிலிருந்து வந்து, கைகால் கழுவிய கையோடு போனில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

இத்தாலி போய் நான்காவது வருடம் அங்கேயே அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து ஊருக்கு அனுப்பினார்கள். டிசம்பர் கடைசியில் அந்தோணி என்னை அழைத்தார். மனைவிக்குத் தமிழ் வரவில்லை, வேறு என்னவோ பேசுகிறார், உளறல் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். ஒரு நிமிடம் போனை ரோஸ்லின் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கேட்டது சரியான இத்தாலியம். நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் கதிர்வேலின் காரில் கிளம்பினேன். போக வர ஏழாயிரம் ரூபாய், டீசல் உள்பட. விடிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை சேர்ந்து காலைச் சாப்பாடு. அங்கே சாப்பிட்டுவிடுங்கள், அதற்கப்புறம் மறையூர் வரை காடுதான். சின்னார் சோதனைச்சாவடியில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு விட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து சின்னக்கானல் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். மூணாறில் நெரிசலில் மாட்டியதால் போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

மறையூர் தாண்டும்போது கதிர்வேல் கேட்டார்: "ஏனுங்க்கா, பொறந்ததுலயிருந்து பேசுன தமிழு போயிருச்சு, நடுவால படிச்சது மட்டும் எப்படிங்க நின்னுச்சு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். சிலருக்கு இப்படி நேர்வதுண்டு என்று டாக்டர் சொன்னதாக அந்தோணி சொல்லியிருந்தார்.

எஸ்டேட் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் கடைசி வீடு. சாலையிலிருந்து கொஞ்சம் சரிவில் இறங்க வேண்டும். அந்தோணி வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். உள்ளே கூட்டிப்போனார். ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. ரோஸ்லின்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் இரண்டு கம்பளி, தலையில் மப்ளர். முகம் முழுக்க வியர்வை.

"மருந்து சூட்டுல வேர்க்கும்னு சொன்னாங்க டீச்சர். ஆனா இவளுக்கு எந்நேரமும் குளிருதான். மத்தது ஒண்ணும் எங்களுக்கு வெளங்காது, இது மட்டும் வெளங்குது. கோல்டு கோல்டுங்கா."

கட்டிலோரம் உட்கார்ந்து, குளிர்கிறதா என்று இத்தாலியத்தில் கேட்டேன். ரோஸ்லின் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நோ," என்றார். "கால்தோ. கால்தோ."

கால்தோ என்றால் சூடு. ஆங்கிலக் கோல்டு மாதிரி காதில் விழும், பொருள் நேர் எதிர். புதிதாகப் படிக்கிற எல்லோரும் தடுக்கி விழும் இடம். அந்தோணிக்கு ஆங்கிலத்தில் தெரிந்த கொஞ்சச் சொற்களில் கோல்டு ஒன்று. மனைவி பேசுவதில் தனக்குப் புரிகிற ஒரே சொல் என்று அதைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மாதமாக ரோஸ்லின் அதைச் சொல்லச் சொல்லக் கம்பளியை ஏற்றியிருக்கிறார்.

சொல்லாமல் இருக்க முடியாது. மெதுவாகச் சொன்னேன். அந்தோணி மப்ளரை அவிழ்த்தார், கம்பளிகளை எடுத்தார், ஸ்வெட்டரைக் கழற்றினார். ஜன்னலைத் திறந்துவிட்டு, கரிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர் கொஞ்ச நேரம் வரவே இல்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். ஈரத்துணியால் மனைவியின் கழுத்தைத் துடைத்தார்.

ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு, "ஜென்தீலே," என்றார்.

"என்னமோ சொல்லுதாளே?"

"அன்பானவர்னு சொல்றாங்க."

அந்தோணி லேசாகச் சிரித்தார். ஜென்தீலே என்பது முன்பின் தெரியாதவர் உதவி செய்தால் மரியாதைக்குச் சொல்கிற சொல். அதை நான் சொல்லவில்லை. ஆனால் மனைவிக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. வாசலுக்குக் கூட்டிவந்து, நான் உன் வீட்டுக்காரன் என்று அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி பத்துத் தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பார். பிறகு உள்ளே போய்க் கட்டிலோரம் குனிந்து, "சோனோ துவோ மாரீத்தோ," என்றார்.

ரோஸ்லின் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். இல்லை என்று தலையை அசைத்தார். "மாரீத்தோ... லொந்தானோ."

அந்தோணி என்னைப் பார்த்தார். வீட்டுக்காரர் ரொம்ப தூரத்தில் இருக்கிறார் என்று சொல்வதாகச் சொன்னேன். இத்தாலியில் யார் விசாரித்தாலும் அப்படித்தான் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார்.

அந்தோணி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். துணியை நனைத்துப் பிழிந்தார்.

"சரி டீச்சர். அவரு வர்ற வரைக்கும் நான் இருக்கேன்னு சொல்லணும். அதுக்கு என்ன?"

'சி சோனோ இயோ' என்று சொல்லுங்கள், போதும் என்றேன். சொன்னார். ரோஸ்லின் நன்றி சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஸ்தாங்கா, பெசாந்தே என்று அவசரத்துக்கு வேண்டிய சொற்களை அந்தோணிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். கதிர்வேல் உடுமலை டீக்கடையில் நிறுத்தி, "அந்தண்ணன் சாப்புட்டாரான்னு கேக்காம வந்துட்டமுங்க்கா," என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சின்னார் வழி இரவில் வண்டி விடமாட்டார்கள். ஆறு மணிக்குள் தாண்டிவிடும்படி கிளம்புங்கள், ஒரே நாளில் திரும்புவதென்றால் இது முக்கியம். ஜனவரியில் மூணாறு நெரிசலுக்கென்று ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். சின்னக்கானலில் மதியச் சாப்பாட்டுக்குக் கடைகள் குறைவு. காலையிலும் சாயங்காலமும் ஸ்வெட்டர் வேண்டும், வெயில் ஏறினால் வேண்டாம்.

இன்னொன்று, இது பயணத்தோடு சேராதது. வெளிநாட்டில் இருந்துவிட்டு இப்படித் திரும்பி வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்து, அவர்கள் பேசுவது புரியவில்லை என்றால், உளறல் என்று விட்டுவிடாதீர்கள். அந்த நாட்டில் இருந்த யாரிடமாவது போனைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ரோஸ்லினுக்குத் தமிழ் இன்னும் திரும்பவில்லை. அந்தோணி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அழைப்பார், ஏதாவது ஒரு சொல் கேட்பார். போன வாரமும் அழைத்தார்.

"வீட்டுக்காரர் எப்ப வருவாருன்னு கேக்கா டீச்சர். குவாந்தோ, குவாந்தோங்கா. சீக்கிரம் வந்துருவாருன்னு சொல்லணும். அதுக்கு என்ன சொல்லட்டும்?"

"பிரெஸ்தோ," என்றேன்.

"பிரெஸ்தோ," என்று அவர் போனை வைக்காமலேயே உள்ளே போய்ச் சொல்வது கேட்டது.