ஓரத்துச் சிப்பாய்கள்

கம்ப்யூட்டரோடு செஸ் ஆடுவது எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் அது பாட்டுக்கு இருக்கும். மனுஷனோடு ஆடவேண்டும். இணையத்தில் எதிரே இருப்பவன் யார், எந்த ஊர் என்று தெரியாது. ஆனாலும் ஒருத்தன் இருக்கிறான் என்பது தெரிந்துவிடும். தோற்கப்போகிறவன் நகர்த்தாமல் கடிகாரத்தை ஓடவிடுவான். குதிரையைப் பறிகொடுத்தவன் கெட்டவார்த்தையாக அடித்துத் தள்ளுவான். இன்னொருத்தன் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவான். அவன் போன இடத்தை வெறித்துக்கொண்டு காத்திருப்பதும் எனக்கு ஆட்டம்தான்.

அப்போது திருப்பதியில் டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த நெட் சென்டர்தான் என் கோயில். என்னோடு படித்த பாதிப்பேர் பெங்களூரையும் ஹைதராபாத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் எங்காவது கிளம்பிவிட வேண்டும் என்று கால் அரித்தது. எங்கள் வீட்டிலிருந்து முதலில் கிளம்பியது அண்ணன்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, விஜயபுரம் பக்கத்து எங்கள் ஊரில் நைனாவோடு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், வேர்க்கடலையும் நெல்லும் போட்டுக்கொண்டிருந்தவன், டிரைவிங் கற்று, குவைத்தில் ஒரு வீட்டுக்கு வண்டி ஓட்டப் போனான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. காலையில் அவன் அங்கே ஒரு நெட் கடையில் உட்காருவான், நான் மத்தியான லேபுக்கு மட்டம் போட்டுவிட்டு இங்கே உட்காருவேன். ஒரே ஆட்டம். ஆடிக்கொண்டே ஓரத்துப் பெட்டியில் பேச்சு. ஆங்கில எழுத்தில் எங்கள் ஊர்த் தமிழை அடிப்போம்.

"துன்னியாணா?"

"துன்னேன். குப்பூஸ் ரொட்டி. ரப்பர் மாதிரி கீது. நீ காலேஜுக்குப் போறியா, இல்ல இங்கியே குந்திக்கினு கீறியா?"

நெட் சென்டர்காரர் என் தோள்மேல் எட்டிப் பார்த்துச் சிரிப்பார். "ஏம்ப்பா, அண்ணங்கூட சண்டை போட ஏசி ரூமுக்கு வர்றவன் நீ ஒர்த்தன்தான்!"

அண்ணன் ஒருநாளும் ஜெயித்ததில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர் ஆட்டம். ஊரில் செஸ்ஸுக்குத் தனிச் சட்டம் உண்டு. முதல் முறை நகர்த்தும்போது ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதற்குப் பதில், இரண்டு சிப்பாய்களை ஆளுக்கு ஒரு கட்டம் தள்ளலாம். அண்ணன் எப்போதும் இடதுஓரச் சிப்பாயையும் வலதுஓரச் சிப்பாயையும் ஒன்றாகத் தள்ளுவான். "ரெண்டு பக்கமும் கதவ சாத்திட்டேன், இனிமே வா பாக்கலாம்" என்பான். இணையத்தில் அந்தச் சட்டம் கிடையாது. அவனோ விடவில்லை. முதல் முறை இடதுஓரம், அடுத்த முறை வலதுஓரம். அதற்குள் நான் நடுவைப் பிடித்துவிடுவேன். உலகத்தில் வேறு யாரும் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்யவேண்டும். அண்ணன் நேராகப் பேசுவது எப்போதாவதுதான். அவன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு அம்மாவிடம் இருந்த ஒரே சாட்சி இந்த ஆட்டம்.

"ஆடினானா?"

"ஆடினான்மா."

"யாரு கெலிச்சது?"

"நான்தான்."

"அவன் எப்பதான் கெலிச்சான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெயர் அவன் பெயர்தான். "இன்னாண்ணா, வாத்தியார் வெச்சிக்கினியா?" என்று அடித்தேன். ரொம்ப நேரம் கழித்து, "ஹாஹா" என்று வந்தது. அவ்வளவுதான். அன்று என்னைத் துடைத்துப் போட்டுவிட்டான். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்கூட. அம்மாவிடம் சொன்னபோது, "அவனா கெலிச்சான்? நெஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள். சிரிக்கவில்லை.

அடுத்த வாரமும் நடுச் சிப்பாய். இந்த முறை இன்னொன்றும் உறைத்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரே அளவு நேரம். எளிய இடத்திலும் அதே நேரம், சிக்கலான இடத்திலும் அதே நேரம். அண்ணன் அப்படி இல்லை. தப்பை உடனே செய்வான், சரியானதை யோசித்து யோசித்துக் கைவிடுவான்.

"துன்னியாணா?"

"ஆமாம்."

ஆமாம். அந்த ஒற்றை வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா குரலைக் கேட்கவேண்டும் என்கிறாள், போன் பண்ணு என்றேன். போன் ரிப்பேர் என்று பதில் வந்தது. பிறகு என் ராணி போனது. ஆட்டம் முடிந்தது.

அன்றும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "ரெண்டு வாரமா கெலிக்கிறான்" என்றாள். "எனக்கு இன்னாவோ மாதிரி கீதுடா."

மூன்றாவது வெள்ளிக்கிழமை நெட் சென்டர்காரரிடம் பக்கத்து சிஸ்டத்தையும் கேட்டு வாங்கினேன். அது புதுசு. புது சிஸ்டம்களில் கூடவே ஒரு செஸ் வரும், கம்ப்யூட்டரோடு ஆடுவதற்கு. அதைத் திறந்து, ஆகக் கடினமான நிலையில் வைத்து, முதல் நகர்த்தலைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன்.

"இன்னா, ஒரே நேரத்துல ரெண்டு பேர் கூடவா?" என்றார் அவர்.

பக்கத்து கம்ப்யூட்டர் நடுச் சிப்பாயைத் தள்ளியது. கொஞ்ச நேரத்தில் என் எதிரே இருந்த திரையிலும் நடுச் சிப்பாய் நகர்ந்தது. இது யாரும் செய்வதுதான் என்று சொல்லிக்கொண்டேன். இங்கே நான் ஆடியதை அப்படியே அங்கேயும் ஆடினேன். பக்கத்துத் திரையில் குதிரை தாண்டியது. இங்கே அண்ணன் பெயரில் அதே குதிரை அதே கட்டத்துக்குத் தாண்டியது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்து, வேண்டுமென்றே கிறுக்குத்தனமாக என் யானையை வெட்டுக்குக் கொடுத்தேன். இரண்டு திரையிலும் யானையை வெட்டாமல், யாரும் நினைக்காத இடத்தில் ஒரு சிப்பாய் நகர்ந்தது. முதலில் பக்கத்தில். பிறகு குவைத்தில்.

பக்கத்துத் திரையை விட்டுத் திரும்பினேன்.

"நீ எங்கண்ணன் இல்ல. யாரு நீ?" என்று அடித்தேன்.

அந்தப் பக்கத்துக் கடிகாரம் ஓடியது. இத்தனை வாரத்தில் முதல் தடவையாக எதிராளி தயங்கினான். முதல் தடவையாக அங்கே ஒரு மனுஷன் இருந்தான்.

"தம்முடு" என்று வந்தது, தம்பி என்று தெலுங்கில். "அம்மாக்கு செப்பொத்து." அம்மாவிடம் சொல்லாதே என்கிறான். பிறகு தெலுங்கும் தமிழும் கலந்து விட்டுவிட்டு வந்தது. அவன் அண்ணனோடு ஒரே ரூமில் இருப்பவன், சித்தூர் பக்கத்துப் புத்தலப்பட்டுக்காரன். அண்ணனுக்கு வேலை பார்த்த வீட்டுக்காரர்களோடு சண்டை. வெளியே வந்துவிட்டான். பாஸ்போர்ட் அவர்கள் கையில். ஒளிந்து ஒளிந்து வேறு வேலை பார்த்திருக்கிறான். செக்கிங்கில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"புடிக்கிறதுக்கு முன்னாலயே பாஸ்வேர்டு குடுத்து வெச்சிருந்தான். நான் மாட்டிக்கினா, வெள்ளிக்கிழமை தம்பிகூட நீ ஆடுடா, ஆட்டம் நின்னா அம்மா தாங்காதுன்னான். எனக்கு செஸ் ராது தம்முடு, ஆடத் தெரியாது. இங்க கம்ப்யூட்டர் எது ஆடுதோ, அத்தையே பாத்துப் பாத்து நகுத்தினேன்."

நகர்த்தாமலே அவன் பக்கத்துக் கடிகாரம் தீர்ந்தது. நான் வென்றுவிட்டதாகத் திரை அறிவித்தது.

கீழே இறங்கி அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் செய்தேன்.

"யாரு கெலிச்சது?"

"நான்" என்று வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

"அப்பாடா" என்றாள் அம்மா. "இப்பதான் உசுரு வந்துச்சு. நல்லாத்தான் கீறான்."

அதற்கு மேல் போனில் சொல்ல முடியவில்லை. ஊருக்குப் போகப் புத்தூர் பஸ் ஏறினேன். இருட்டும் நேரத்தில் வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மா கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"கெலிச்சேன்னு சொன்னியேடா?" என்றாள். உள்ளேயிருந்து நைனா எழுந்து வந்தார்.

மாதங்கள் கழித்து அண்ணன் வந்துவிட்டான். அதற்குள் நைனா சித்தூர் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்திருந்தார். போட்டிருந்த சட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையுமாக வந்தான். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை அவன் சொன்னதில்லை. இப்போது எல்லார் கையிலும் போன். அவனும் வண்டி ஓட்டாத நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செஸ் ஆடுகிறான், கம்ப்யூட்டரோடு.

போன தடவை ஊருக்குப் போனபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புது ஆட்டம் தொடங்கிக்கொண்டிருந்தான். நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான்.

"எங்கூட ஒரு ஆட்டம் போடுணா" என்றேன்.

"வேணாம்டா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ ஆடிக்கினே எதனா கேப்ப. இது ஒண்ணும் கேக்காது."