கட்டிலடியில் பூத்த செருப்பு

என் சித்தி ஒரு கை கந்தகத்தைக் குறைத்துப் போட்டால் போதும். ராஜாக்கள் வெறுங்காலோடு நடப்பார்கள், படைகளெல்லாம் முள் குத்தி நடுவழியில் உட்கார்ந்துவிடும். தெரு முழுக்க நான் அப்படித்தான் சொல்லித் திரிவேன். அவளோ ரப்பர் செருப்புக் கம்பெனியில் கந்தகம் நிறுத்துப் போடுகிறவள். யாராவது புகழ்ந்தால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே நழுவிவிடுவாள்.

கந்தகம் சேராத பச்சை ரப்பர் வெயில் பட்டால் இளகி ஒட்டும். கந்தகத்தோடு பிசைந்து சூடான அச்சில் அழுத்தினால்தான் அது உழைக்கிற செருப்பாகும். கந்தகம் குறைந்தால் பிசுபிசுக்கும். கூடிப்போனால் சில நாளில் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். துடைத்தாலும் திரும்பி வரும்.

போன வருஷம் ஒருமுறை அப்படிப் பூத்து, கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகச் செருப்பு திரும்பி வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'மாவு மகராணி' என்று பேர் வைத்தார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் தனியாகத்தான் உட்காருகிறாள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு ஜோடியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்து, சரக்கு லாரி ஏறும்வரை காலையில் எழுந்ததும் குனிந்து பார்ப்பாள், தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

என் கை சும்மா இருக்குமா? நேற்று ராத்திரி என் முகப்பவுடரை அந்த ஜோடிமேல் தடவி வைத்தேன். அவள் அலறுவாள், நான் சிரிப்பேன், பிறகு அவளும் சிரிப்பாள் என்று கணக்கு.

காலையில் குனிந்து பார்த்தவள் அலறவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணே, லாரிய நிறுத்துங்க. மறுபடியும் பூத்துருச்சு. என் கைதான்... ஆமாண்ணே, அதே மாவு மகராணிதான்."

அந்தப் பேரை அவள் வாயாலேயே கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாக்கு பச்சை ரப்பராக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"சித்தி, ஈரத்துணியால ஒருதடவ துடைச்சுதான் பாரேன்."

"துடைச்சா மட்டும்? நாளைக்கே திரும்பி வரும்."

"இது வராது சித்தி."

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தேன். சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். செருப்பை எடுத்து முகர்ந்தாள். அப்புறம் என் தாடையைப் பிடித்து இழுத்து, கன்னத்தை முகர்ந்தாள்.

"கந்தகம் எப்போலேருந்துடி ரோஜாப்பூ வாசம் அடிக்குது?"

சிரிக்கவில்லை. மறுபடி மேஸ்திரிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

"நீயே சொல்லு. அப்படியே அந்த மகராணி பட்டத்தையும் நீயே வாங்கிக்க."