கவிழ்க்காத தொட்டி

கொசு ஒழிப்பு வேலைக்காக வீடுவீடாக வந்தவர் அவர். காக்கி நிக்கர், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். தேங்கிய தண்ணீரைக் கண்டால் யாரிடமும் கேட்காமல் காலாலேயே கவிழ்த்துவிடுவார்.

என் மகள் மலேரியாவிலிருந்து பிழைத்தெழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, வேலம்பாசி நட்டு, வாய்க்காலில் பிடித்த மானத்துக்கண்ணி மீன்களை விட்டிருந்தாள். எனக்கோ அந்தத் தண்ணீரிலும் கொசு முட்டையிடும் என்ற பயம்.

"இதையும் கவுத்துருங்க," என்றேன்.

மகள் தொட்டியைக் கட்டிக்கொண்டாள். "அப்போ என்னையும் சேத்துக் கவுத்துங்க!"

அவர் சிரித்தார். முற்றத்தில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையில் நெளிந்த கொசுப்புழுக்களைத் தொட்டியில் ஊற்றினார். கண்மூடித் திறப்பதற்குள் மீன்கள் விழுங்கிவிட்டன.

"பாத்தியளா டீச்சரே? என் சோலிய இதுவ சம்பளமில்லாம செய்யுதுவ."

"எல்லாத் தண்ணியையும் கொட்டணும்னுல்லா உத்தரவு? மேலதிகாரி கேட்டா?"

"கேக்கட்டும். அவரயும் கூட்டிட்டு வந்து காட்டுதேன். நான் கவுக்க மாட்டேன்."

சற்று நேரத்தில், அடுத்த வீட்டுக்காரர் கத்தக் கத்த, அந்த வீட்டு மீனில்லாத தண்ணீர்த் தொட்டியை இவர் காலி செய்யும் சத்தம் கேட்டது.

என் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் பெற்றவள் நான் இருக்க, அன்று என் மகளின் பக்கம் நின்றவர் அவர். அதுதான் உறுத்துகிறது.