ஆற்றுப்பக்கத்து முனை

ஒலிங்காவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். தேநீரைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பாள். அலாஸ்காவின் ஆற்றோரக் கிராமங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் சிறு விமானத்துக்கு அவள் விமானி, நான் செவிலி. விமானம் ஓட்டும்போது மட்டும் அசையாமல் இருப்பாள்.

அன்று அதுவும் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு ரத்தம் நிற்காமல் கிடந்தவள் அவளுடைய தம்பி இவோனின் மனைவி பெலகியா. ஊரையே பனிமூட்டம் மூடியிருந்தது.

எங்கள் ஊர்களில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விமானம் வந்தாக வேண்டும் என்றால், வானிலை எப்படி என்று கேட்கும் விமானியிடம் கூசாமல் புளுகுவார்கள். விமானத்தில் வரும் ஒரு குளிர்பானப் பெட்டிக்காகவே புளுகுகிறவர்கள் பெண்டாட்டிக்காகப் புளுகமாட்டார்களா?

"ஊர்க்கோடித் தண்ணித் தொட்டியே பளிச்சுன்னு தெரியுதுக்கா, வா!" என்றான் இவோன், வீட்டு ரேடியோவில்.

செயற்கைக்கோள் காட்டிய வழியைப் பிடித்துப் ஓடுபாதையின் பள்ளிக்கூடப் பக்கத்து முனையை நோக்கி இறங்கினோம். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இருநூற்றைம்பது அடி உயரத்துக்கு வருவதற்குள் ஓடுபாதை விளக்கு கண்ணில் பட்டாக வேண்டும். படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். வெளியே ஒரே வெள்ளை. ஏறிவிட்டாள்.

"சத்தம் தலைக்கு மேலயே கேட்டுச்சே! இன்னும் கொஞ்சம் எறங்கினா என்னக்கா? உன் பொண்ணா இருந்தா எறங்கியிருப்பேல்ல?"

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

"டேய், நெசமா சொல்லு. தொட்டி தெரியுதா?"

ரேடியோ கரகரத்தது. "இல்லக்கா. நீட்டின கையே தெரியல."

"உன் பேச்சக் கேட்டு எறங்கியிருந்தா நாங்களும் போயிருப்போம், அவளுக்கும் வழியில்ல. கை ரேடியோவ எடுத்துக்கிட்டு, பனிவண்டியில ஓடுபாதையோட ஆத்துப்பக்கத்து முனைக்குப் போ. தெரியுறத மட்டும் சொல்லு."

வட்டமடித்தோம். அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. "இன்னும் ஒரு தடவதான். அப்புறம் திரும்பிப் போக மட்டுந்தான் எரிபொருள் இருக்கும்" என்றாள்.

"அக்கா, இங்க மூட்டம் கிழிஞ்சிருக்கு. ஓரத்து விளக்கு நாலு தெரியுது. அஞ்சாவது தெரியல."

அஞ்சாவது தெரியவில்லை என்றானே, அதனால்தான் அவனை நம்பினாள். செயற்கைக்கோள் வழிக்குத் தரையில் எந்தக் கருவியும் வேண்டாம். பாதையின் இரண்டு முனைக்கும் உண்டு. மறுமுனையைத் திரையில் தேர்ந்தெடுத்து இறங்கினாள். முந்நூறு அடியில் விளக்குகள் தெரிந்தன. சக்கரம் பனியைத் தொட்டபோது எனக்கு உயிர் வந்தது.

பெலகியாவைச் சறுக்குவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். வெளுத்துப்போயிருந்தாள்; நாடி இருந்தது. மருந்து ஏற்றினேன்.

"நெசமாவே வந்துட்டீங்களா?" என்று கண் திறந்தாள். "விமானம் எறங்கிடுச்சு, அக்கா நடந்து வந்துகிட்டிருக்கான்னு இவன் காலையிலேருந்து சொல்லிக்கிட்டே இருந்தான். அத நம்பித்தான் உசிரப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

ஒலிங்கா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை.